வட சென்னையில் எங்கே குடியேறலாம்? மகள் ஆறாம் வகுப்பு, மகன் ஒன்றாம் வகுப்பு, இருவருக்கும் அரசுப் பள்ளிதான்

முத்துநகர் எழுதியது:

வணக்கம். தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். சென்னைக்கு மாற்றல் வந்துவிட்டது. அலுவலகம் மண்ணடிப் பக்கம், பாதி நாள் துறைமுகத்துக்குள் இருப்பேன். மே மாதக் கடைசிக்குள் வீடு பார்த்துக் குடும்பத்தைக் கூட்டி வர வேண்டும்.

மகள் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறாள். மகனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். மகள் இங்கே மாநகராட்சிப் பள்ளியில்தான் படிக்கிறாள், எங்களுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. சென்னையிலும் அரசுப் பள்ளிதான் என்று வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டோம். அதனால் "கடன் வாங்கியாவது தனியாரில் போடுங்கள்" என்ற யோசனை தயவுசெய்து வேண்டாம்.

வாடகை பதினைந்தாயிரம் வரை முடியும். இரண்டு படுக்கையறை, தண்ணீர், பெண் பிள்ளை தனியாக நடந்து போய்வரத் தோதான தெரு, இவ்வளவுதான் கேட்கிறோம். அலுவலகத்தில் ஒருவர் பெரம்பூர் என்கிறார், ஒருவர் மாதவரம் என்கிறார், ஒருவர் திருவொற்றியூர்தான் என்று அடித்துச் சொல்கிறார். மாமனாரோ வட சென்னை என்ற பேச்சை எடுத்தாலே சினிமாவில் பார்த்ததையெல்லாம் சொல்லிப் பயமுறுத்துகிறார். நல்ல அரசுப் பள்ளி எந்தப் பகுதியில் இருக்கிறது? அந்தப் பகுதியில் குடியிருந்தால்தான் சேர்ப்பார்களா?

லோகோ வாசி எழுதியது:

பெரம்பூர். யோசிக்கவே வேண்டாம். மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிறோம், தாத்தா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, அப்பா லோகோ, அதாவது ரயில் எஞ்சின் பணிமனை. ரயில்வேக்காரர்கள் குடியேறிக் குடியேறி உருவான ஊர் இது. அதனால் வெளியூர்க் குடும்பம் என்று யாரும் ஏற இறங்கப் பார்க்க மாட்டார்கள். மார்க்கெட் தெருவில் மாநகராட்சியின் பெண்கள் மேல்நிலைப் பள்ளி, மதுமா நகரில் இன்னொன்று. உங்கள் மகளுக்கு இரண்டில் ஒன்று. பெரம்பூர் ஸ்டேஷனிலிருந்து பீச் ஸ்டேஷன் போகும் மின்சார ரயில் பிடித்தால் துறைமுகம். எல்லா வண்டியும் பீச் போகாது, சில சென்ட்ரலோடு நின்றுவிடும், நேரம் பார்த்துக் கிளம்ப வேண்டும். தின்பண்டத்துக்குக் கேட்கவே வேண்டாம்.

தேரடி எழுதியது:

லோகோ வாசி, மழை பெய்தால் ஜமாலியா எப்படி இருக்கும், பட்டாளம் எப்படி இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

முத்துநகர் அண்ணாச்சி, உங்கள் அலுவலகம் மண்ணடியில். மெட்ரோ நிலையமும் மண்ணடியில். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்ட பிறகு திருவொற்றியூர் பழைய திருவொற்றியூர் இல்லை. தேரடி, காலடிப்பேட்டை, டோல்கேட் என்று எங்கே ஏறினாலும் வண்டி மாறாமல் மண்ணடியில் இறங்கலாம். முன்பெல்லாம் டி.எச். ரோட்டில், அதாவது திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனவன் நான். இப்போது உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டு போகிறேன். ஜெய்கோபால் கரோடியா அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி எங்கள் ஊரில்தான் இருக்கிறது. வாடகையும் பெரம்பூரைவிடக் குறைவு.

கணக்கு டீச்சர் எழுதியது:

எந்த ஏரியா என்று சண்டை போடுவதற்கு முன், அவர் கேட்ட கடைசிக் கேள்விக்கு யாராவது பதில் சொல்லியிருக்கலாம். நான் வட சென்னையில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். பள்ளிப் பெயர் வேண்டாம்.

இங்கே அரசுப் பள்ளியில் சேர "இந்த எல்லைக்குள் குடியிருக்க வேண்டும்" என்ற கட்டாயம் கிடையாது. அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி பள்ளி எல்லையைப் பார்த்துத்தான் வீடு வாங்கினான். தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளி, அந்தப் பக்கம் வேறு பள்ளி, வீட்டு விலையே அதனால் மாறுமாம். நம் ஊரில் அந்தத் தொல்லை இல்லை. கட்டாயக் கல்விச் சட்டப்படி தனியார் பள்ளியில் 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பிக்கும்போதுதான் ஒரு கிலோமீட்டர் கணக்கெல்லாம் வரும். அரசுப் பள்ளியில் இடம் இருந்தால், குழந்தை வந்தால், சேர்த்துக்கொள்வோம். உண்மையைச் சொன்னால் பல இடங்களில் பிள்ளைகள் வர வேண்டுமே என்று நாங்கள்தான் மார்ச் மாதமே வீடு வீடாகப் போய்க் கூப்பிடுகிறோம்.

அதனால் பள்ளிக்காக ஏரியா என்று யோசிக்காதீர்கள். பள்ளியிலிருந்து பிள்ளை நடந்து வரக்கூடிய தூரம் எது, நடுவில் என்ன சாலை இருக்கிறது என்று யோசியுங்கள். உங்களுக்கு இரண்டு பள்ளி தேவைப்படும். மகன் போகும் தொடக்கப் பள்ளி ஐந்து வரை, நடுநிலைப் பள்ளி என்றால் எட்டு வரை. மகளை எட்டு வரை உள்ள இடத்திலும் போடாதீர்கள், பத்து வரை உள்ள உயர்நிலைப் பள்ளியிலும் போடாதீர்கள். நேராகப் பன்னிரண்டு வரை உள்ள மேல்நிலைப் பள்ளி. நடுவில் டி.சி. வாங்கி இன்னொரு பள்ளிக்கு அலையும்போதுதான் பெண் பிள்ளைகளின் படிப்பு நின்றுபோகிறது, நான் வகுப்பில் பார்த்துச் சொல்கிறேன். முதலில் மேல்நிலைப் பள்ளியை முடிவு செய்யுங்கள், அதன் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளி தானாகக் கிடைக்கும், இரண்டுக்கும் இடையில் வீடு தேடுங்கள்.

முத்துநகர் எழுதியது:

டீச்சர், மிக்க நன்றி. இந்தக் கோணத்தில் நாங்கள் யோசிக்கவே இல்லை. பள்ளி நல்லதா இல்லையா என்று வெளியூர்க்காரன் எப்படிக் கண்டுபிடிப்பது?

கணக்கு டீச்சர் எழுதியது:

தேர்ச்சி விகிதத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நூறு சதவீதம் என்று பேனர் கட்டியிருக்கும் பள்ளிகள் எல்லாமே நன்றாகச் சொல்லிக் கொடுக்கின்றன என்று அர்த்தமில்லை, பேனர் இல்லாத பள்ளி மோசம் என்றும் இல்லை. சுமாராகப் படிக்கும் பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பிலேயே மெல்லக் கழற்றிவிட்டால் யாரும் நூறு வாங்கலாம்.

மூன்று விஷயம் கேளுங்கள். முதலாவது, கணக்குக்கும் அறிவியலுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, அல்லது பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாகப் போட்டவரா. தற்காலிகமாக வந்தவர் நன்றாக நடத்தக்கூடும், ஆனால் அடுத்த வருடம் இருப்பாரா என்று அவருக்கே தெரியாது. இரண்டாவது, பதினொன்றாம் வகுப்பில் என்னென்ன குரூப் இருக்கிறது. எல்லா மேல்நிலைப் பள்ளியிலும் உயிரியல் கணக்கு இருக்காது, கம்ப்யூட்டர் சயின்ஸ் இருக்காது, சில இடங்களில் வணிகவியலும் தொழிற்கல்வியும்தான். மகளுக்கு இப்போது பத்து வயது, ஆனால் ஐந்து வருடம் கழித்துக் கேட்கப் போவது அதைத்தான். மூன்றாவது, பெண்கள் கழிப்பறை. தலைமையாசிரியரைக் கேட்காதீர்கள், உங்கள் மனைவியை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

மத்திய அரசின் யூ-டைஸ் தளத்தில் பள்ளிப் பெயர் போட்டால் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள் என்ற கணக்கு வரும். முதலில் அதைப் பாருங்கள். பிறகு சாயங்காலம் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று, அழைத்துப் போக வந்திருக்கும் அம்மாக்களிடம் பேசுங்கள். அதற்கு மேல் தகவல் எங்கேயும் கிடைக்காது.

வில்லி எழுதியது:

வில்லிவாக்கத்திலிருந்து ஓர் அம்மா. அரசுப் பள்ளி என்று சொல்பவர்கள் அரசு உதவி பெறும் பள்ளிகளை ஏன் மறந்துவிடுகிறீர்கள்? சம்பளம் அரசு கொடுக்கிறது, கட்டணம் பெயருக்குத்தான், ஒழுங்கு இருக்கும். எங்கள் ஊர் சிங்காரம் பிள்ளை பள்ளி, ராயபுரத்தில் செயின்ட் பீட்டர்ஸ், வண்ணாரப்பேட்டையில் சர் தியாகராயா, ஜார்ஜ் டவுனில் முத்தியால்பேட்டை என்று எத்தனை பழைய பள்ளிகள். வட சென்னையைப் படிக்க வைத்ததே இவைதான். என் இரண்டு பிள்ளைகளும் உதவி பெறும் பள்ளிதான். காலை உணவுத் திட்டம்கூட 2025 ஆகஸ்டிலிருந்து நகரத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது.

வியாசை விங்கர் எழுதியது:

வில்லி அக்கா சொல்வதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அது இந்தக் குடும்பத்துக்கு ரொம்ப முக்கியம், ஏனென்றால் மகள் இப்போதுதான் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள்.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020ல் வந்தது. அடுத்த வருடம் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் என்று மற்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அதில் சேரும் பிள்ளைகளுக்குப் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. நிபந்தனை என்ன? ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி எல்லாம் சேர்த்தி. உதவி பெறும் பள்ளி சேர்த்தி இல்லை. கட்டாயக் கல்விச் சட்டத்தில் எட்டு வரை தனியாரில் படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றபடி ஆறாம் வகுப்பில் ஒரு வருடம் மாற்றிப் போட்டால்கூடக் கதை முடிந்தது.

நான் வியாசர்பாடியில் மாநகராட்சிப் பள்ளியில் படித்தவன். எங்கள் காலத்தில் இது இல்லை. என் தெருவில் ஒரு பெண் இந்த ஒதுக்கீட்டில் இப்போது பொறியியல் படிக்கிறாள்.

வில்லி எழுதியது:

தம்பி சொல்வது சரிதான், 7.5 உதவி பெறும் பள்ளிக்குக் கிடையாது. அது அநியாயம் என்று நாங்களும் எத்தனையோ முறை கேட்டாகிவிட்டது. பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், ஒரே வருமானம், ஒரே தெரு, பள்ளி வாசல் மட்டும் வேறு. ஆனால் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாயை உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் நீட்டித்திருக்கிறார்கள். பிள்ளைகள் எல்லோரும் டாக்டர் ஆகப் போவதில்லையே. பத்து வயதுப் பெண்ணின் பள்ளியை நீட் கணக்கில் முடிவு செய்வது எனக்குப் பிடிக்கவில்லை.

கணக்கு டீச்சர் எழுதியது:

இருவர் சொல்வதும் சரி. ஆனால் இவருக்கு நான் அரசுப் பள்ளியைத்தான் சொல்வேன். கதவைத் திறந்து வைத்திருப்பது ஒன்று, அதற்குள் போவது வேறு. ஆறாம் வகுப்பிலேயே அந்தக் கதவைச் சாத்த வேண்டாம்.

தமிழ் வழியா ஆங்கில வழியா என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். மாநகராட்சி மேல்நிலைப் பள்ளிகளில் பெரும்பாலும் இரண்டு பிரிவும் இருக்கும். கடைசி வரை தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. மகள் அங்கே எதில் படிக்கிறாளோ அதிலேயே தொடர விடுங்கள் என்பது என் அபிப்பிராயம். ஊரும் மாறி, பள்ளியும் மாறி, மொழியும் மாறினால் குழந்தை திணறிப்போகும்.

மூலக்கடை பார்ட்டி எழுதியது:

மாதவரத்துக்கு ஆதரவாக யாருமே வரவில்லையா? பால் பண்ணை, கால்நடைப் பல்கலைக்கழகம், தோட்டக்கலைப் பூங்கா, ரெட்டேரி. வட சென்னையில் பிள்ளை சைக்கிள் ஓட்டப் பழக இடம் இருக்கும் ஒரே பகுதி இதுதான். பதினைந்தாயிரத்துக்குத் தனி வீடே கிடைக்கும், தேடினால். இரண்டாம் கட்ட மெட்ரோவில் இரண்டு வழித்தடம் மாதவரத்திலிருந்துதான் கிளம்புகின்றன, ஒன்று சிறுசேரிக்கு, ஒன்று சோழிங்கநல்லூருக்கு.

தேரடி எழுதியது:

எப்போது கிளம்புகின்றன?

மூலக்கடை பார்ட்டி எழுதியது:

வேலை நடக்கிறது. வரும்.

வரும் வரைக்கும் மூலக்கடையிலிருந்து பாரிமுனைப் பஸ்தான், ஒத்துக்கொள்கிறேன். ஜி.என்.டி. ரோடு காலையில் எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் திட்டக் கூடாது. ஆந்திரா போகும் பஸ், லாரி எல்லாம் இந்த வழியாகத்தான். நீங்கள் ஏழரைக்கு முன்னால் கிளம்பினால் பிழைத்தீர்கள்.

இன்னொன்று. மாதவரம், மணலி, திருவொற்றியூர், கத்திவாக்கம் எல்லாம் 2011ல்தான் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தன. அந்தப் பகுதிப் பள்ளிகள் அதற்குப் பிறகும் பல வருடம் பள்ளிக் கல்வித் துறையிடமே இருந்தன. இப்படிச் சேர்ந்த பகுதிகளில் இருந்த 139 பள்ளிகள் மாநகராட்சியின் கைக்கு வந்தது சமீபத்தில்தான். அதனால் பழைய சென்னைக்குள் இருக்கும் மாநகராட்சிப் பள்ளிக்கும் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கும் கட்டடத்தில் வித்தியாசம் தெரியும். வீட்டுக்கும் அதே கதைதான். பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறதா, இல்லை லாரி வந்து உறிஞ்சிப் போகிறதா என்று வீட்டுக்காரரிடம் கேட்டே ஆக வேண்டும். குடிதண்ணீர்க் குழாய் இருக்கிறது என்பார்கள். குழாயில் தண்ணீர் வருகிறதா என்று மாடி வீட்டுக்காரரைக் கேளுங்கள்.

எண்ணூர்க் கழி எழுதியது:

வாடகை குறைவு என்று யாராவது எண்ணூர், மணலி பக்கம் கை காட்டுவார்கள் என்பதால் இதை எழுதுகிறேன். நான் பிறந்த ஊர், எனக்கு அதன் மேல் கோபம் இல்லை. ஆனால் சின்னப் பிள்ளைகளோடு புதிதாகக் குடிவருபவரிடம் மறைக்கவும் முடியாது.

மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, அவற்றைச் சுற்றிப் பெட்ரோ கெமிக்கல் ஆலைகள். எண்ணூரில் அனல் மின் நிலையம், சாம்பல், நிலக்கரி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து கழிமுகம் முழுக்கப் படிந்தது. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. அந்த மாதமே 26ஆம் தேதி நள்ளிரவில் எண்ணூரில் இருக்கும் இன்னொரு உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் ஓடினார்கள். ஒரே மாதத்தில் இரண்டு. அங்கே வாழ்கிறவர்கள் வேறு வழியில்லாமல் வாழ்கிறார்கள், போராடுகிறார்கள். எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று தேர்ந்தெடுக்கும் வசதி இருப்பவர் ஏன் வர வேண்டும்?

கொடுங்கையூர்க் குப்பை மேட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாநகராட்சியின் வடக்கு மண்டலங்களின் குப்பையெல்லாம் பல பத்தாண்டுகளாக அங்கேதான் வந்து விழுந்தது. பழைய குப்பையைப் பிரித்தெடுக்கும் வேலை நடக்கிறது, நல்லது. ஆனால் வேலை நடக்கும் வரைக்கும் அந்தத் தூசியும் வாடையும் எழில் நகர், ஆர்.ஆர். நகர் பக்கம்தான். வீடு பார்க்கப் போகும்போது ஒரு தடவை ராத்திரியிலும் போய் நின்று மூச்சு இழுத்துப் பாருங்கள். பகலில் தெரியாத வாடை அப்போது தெரியும்.

தேரடி எழுதியது:

கழி சொல்வது அத்தனையும் உண்மை. ஆனால் எண்ணூரும் திருவொற்றியூரும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். காற்று வடக்கிலிருந்து அடிக்கும் நாட்களில் எங்களுக்கும் வாடை வரும், மறுக்கவில்லை. காலடிப்பேட்டை, தேரடிப் பக்கம் குறைவு, விம்கோ நகர் தாண்டிப் போகப் போக அதிகம். நான் மகன்களை வளர்த்தது இங்கேதான்.

எனக்கு வாடையைவிடப் பயம் கன்டெய்னர் லாரி. கடலோரமாகப் போகும் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை முழுக்கத் துறைமுக டிரெய்லர். மணலி ரோடும் அப்படித்தான். உங்களுக்கே தெரியும், நீங்கள் அந்தத் தொழில். அந்தச் சாலையைத் தாண்டித்தான் பள்ளி என்றால் வீடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதே மாதிரி ரயில் பாதைக்கு மேற்கே வீடு, கிழக்கே பள்ளி என்றாலும் வேண்டாம். கேட் மூடினால் பெரியவர்களே குனிந்து நுழைகிறார்கள், பிள்ளைகள் நுழையாமல் இருப்பார்களா? டி.எச். ரோட்டுக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் இருக்கும் தெருக்களில் பாருங்கள்.

வியாசை விங்கர் எழுதியது:

கொருக்குப்பேட்டை கேட்டில் நின்றே பாதி ஆயுளைக் கழித்தவர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள்.

லோகோ வாசி எழுதியது:

சரி, பெரம்பூர் வெள்ளத்தைப் பற்றி நானே சொல்கிறேன், தேரடி வாயால் வர வேண்டாம். 2015, 2021 நவம்பர், 2023 டிசம்பர் மூன்றிலும் எங்கள் பக்கம் தண்ணீர் நின்றது. ஓட்டேரி நல்லா என்ற கால்வாய் நிரம்பினால் புளியந்தோப்பு, பட்டாளம், ஜமாலியாப் பக்கம் தாழ்வான தெருக்கள் மாட்டிக்கொள்ளும். கணேசபுரம் சுரங்கப்பாதை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, மழை என்றால் டி.வி.யில் முதலில் காட்டுவதே அதைத்தான். கொளத்தூரும் தப்பவில்லை.

ஆனால் ஒரே ஏரியாவில் ஒரு தெருவில் முழங்கால் தண்ணீர், அடுத்த தெருவில் காலே நனையாது. புரோக்கர் "இங்கே தண்ணியே நிக்காது சார்" என்பார். அவரை விடுங்கள். தரைத்தளத்தில் ஈ.பி. மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தலைக்கு மேலே ஏற்றி வைத்திருந்தால் அந்தத் தெருவுக்கு அனுபவம் இருக்கிறது. வாசற்படி புதிதாக மூன்று படி உயர்ந்திருக்கிறதா, மதில் சுவரில் ஒரே மட்டத்தில் கறை இருக்கிறதா பாருங்கள். மளிகைக் கடைக்காரர் அரிசி மூட்டையைத் தரையில் வைத்திருக்கிறாரா, பலகை போட்டு மேலே வைத்திருக்கிறாரா பாருங்கள். எப்படியும் முதல் மாடி எடுங்கள்.

மெட்ரோ வேலையால் இப்போது பேப்பர் மில்ஸ் ரோடு, மாதவரம் நெடுஞ்சாலை எல்லாம் அங்கங்கே வெட்டி வைத்திருக்கிறார்கள். செம்பியம் பக்கம் வீடு என்றால் மகள் போகும் வழியில் தடுப்பு எங்கே இருக்கிறது என்று நடந்து பார்த்துவிடுங்கள்.

முத்துநகர் எழுதியது:

மனைவியும் உட்கார்ந்து முழுவதும் படித்தாள். அவளுடைய கேள்வி ஒன்றுதான், நேரடியாகக் கேட்கச் சொன்னாள். பெண் பிள்ளை சாயங்காலம் டியூஷனோ விளையாட்டோ முடிந்து ஆறரை மணிக்கு நடந்து வரலாமா?

வியாசை விங்கர் எழுதியது:

அண்ணி, வரலாம். வட சென்னைத் தெருவில் ராத்திரி பத்து மணிக்கும் ஆள் இருக்கும். வாசலில் இட்லிக் கடை போட்டிருக்கும் அக்கா, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆயா, கேரம் ஆடும் பசங்க, எல்லோருக்கும் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும். நல்ல வசதியான ஏரியாக்களில் ஏழு மணிக்கே தெரு வெறிச்சென்று இருக்கும், எனக்கு அங்கேதான் பயம். எங்கள் பகுதியில் ஃபுட்பால் ஆடும் பெண் பிள்ளைகள் இருட்டிய பிறகுதான் கிரவுண்டிலிருந்து திரும்புகிறார்கள்.

ஆனால் எல்லாத் தெருவும் அப்படி என்று பொய் சொல்ல மாட்டேன். டாஸ்மாக் கடை இருக்கும் தெரு, பக்கிங்காம் கால்வாய் ஓரமாகப் போகும் ஆளில்லாத சந்து, லாரி நிறுத்துமிடம், இந்த மூன்றையும் தவிருங்கள். வீட்டிலிருந்து பள்ளி வரை நீங்களே ஆறரை மணிக்கு ஒரு தடவை நடந்து பாருங்கள். கடைகள் திறந்திருக்கும் வழியா, குடோன் சுவரை ஒட்டிய வழியா என்று தெரிந்துவிடும்.

வில்லி எழுதியது:

இதில் தம்பியோடு முழுக்க ஒத்துப்போகிறேன். அப்புறம் ஆஸ்பத்திரி பற்றி யாரும் பேசவில்லை. திருவொற்றியூர் என்றால் ஸ்டான்லி அரசு மருத்துவமனை, மெட்ரோவில் எட்டிப் பிடிக்கும் தூரம். பெரம்பூர், கொளத்தூர் என்றால் பெரியார் நகரில் 2025ல் திறந்த பெரிய அரசு மருத்துவமனை. சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இதுவும் ஒரு கணக்குதான்.

முத்துநகர் எழுதியது:

இருவரும் பேசியதில் மாதவரம் இப்போதைக்கு வேண்டாம் என்று வைத்திருக்கிறோம். மூலக்கடை அண்ணன் மன்னிக்க வேண்டும், பிள்ளைகளைக் காலையில் கிளப்பிவிட்டு நானும் ஏழரைக்குள் கிளம்ப முடியாது. பெரம்பூரும் தேரடிப் பக்கமும் நேரில் பார்க்கப் போகிறோம். என் மனம் மெட்ரோவுக்குப் போகிறது, மனைவிக்கு மார்க்கெட் தெருப் பள்ளியைப் பார்த்த பிறகுதான் பேச்சாம். பள்ளி முதலில், வீடு பிறகு என்று டீச்சர் சொன்ன வரிசையிலேயே போகிறோம். சேர்க்கைக்கு என்னென்ன கொண்டுவர வேண்டும்?

மூலக்கடை பார்ட்டி எழுதியது:

மன்னிப்பெல்லாம் எதற்கு. மெட்ரோ ஓடட்டும், மகள் பத்தாவது வரும்போது இங்கே மாறி வருவீர்கள்.

கணக்கு டீச்சர் எழுதியது:

பத்தாவது வரும்போது மாறவே கூடாது, மூலக்கடை. ஊர் மாறினாலும் அந்தப் பள்ளியிலேயே முடிக்கட்டும்.

முத்துநகர், மகனுக்குப் பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் இருந்தால் அது, புகைப்படம். மகளுக்கு இவற்றோடு டி.சி. டி.சி.யை மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடாதீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் எண் என்று ஒன்று உண்டு. பழைய பள்ளி தன் பட்டியலிலிருந்து மகளை விடுவித்துப் பொதுத் தொகுப்புக்கு அனுப்பினால்தான் நாங்கள் இங்கே எங்கள் பட்டியலில் சேர்க்க முடியும். இல்லாவிட்டால் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருப்பாள், கம்ப்யூட்டரில் இன்னும் தூத்துக்குடியில்தான் இருப்பாள். புத்தகம், சீருடை, பஸ் பாஸ் எல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான். ஜூன் மாதம் எல்லாப் பள்ளியிலும் கூட்டமாக இருக்கும், தொலைபேசியில் பிடிப்பதும் கஷ்டம். அதனால் ஏப்ரல் கடைசி வேலை நாளுக்குள் அங்கேயே தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்து, விடுவித்துவிட்டார்களா என்று திரையில் பார்த்துவிட்டு, அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.